பீரோவில் வெந்த ஒயின்

கப்பல் வேலைக்குப் போய் முதன்முதலாக ஊர் திரும்பியபோது இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்தேன். அம்மா அதை வாங்கிப் பார்த்து, விலையைக் கேட்டு, ஒரு நிமிஷம் வாயடைத்து நின்று, நேராகப் போய் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டில் விலை அதிகமான எந்தப் பொருளுக்கும் இடம் பீரோதான். நகை, பத்திரம், ரேஷன் கார்டு, இப்போது ஒயின்.

ஆறு வருஷம் கழித்து, தங்கச்சி நிச்சயதார்த்தத்தன்று பூட்டைத் திறந்தோம். ஒரு பாட்டிலின் தக்கை கால் அங்குலம் மேலே தள்ளிக்கொண்டு நின்றது. கழுத்தில் வடிந்து காய்ந்த கறை. ஊற்றினால் செங்கல் தண்ணீர் மாதிரி நிறம், வெந்த பேரீச்சம்பழ வாசனை, அடியில் லேசாகப் புளித்த காடி. அம்மா ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "இன்னாடா இது, தைலம் மாதிரி கீது" என்றார்கள். அந்துருண்டையின் பங்கும் அதில் இருந்திருக்கலாம்.

நான் சென்னை ராயபுரத்துக்காரன். பயணிகள் கப்பல்களில் பாரில் கிளாஸ் துடைக்க ஆரம்பித்து, கடைசி எட்டு வருஷம் ஒயினைப் பார்த்துப் பரிமாறுகிற ஒயின் ஸ்டூவர்டாக இருந்தவன். இப்போது கரையேறிவிட்டேன். ஒரு தடவை அக்கா பையன் ஆறு பாட்டிலை அட்டைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, இத பத்து வருஷம் வெக்கணும், எப்படி?" என்று கேட்டான். அதுவரை எங்கே வைத்திருந்தாய் என்றேன். ஃபிரிட்ஜ் மேலே என்றான். வீட்டிலேயே மோசமான இடம் அதுதான். ஃபிரிட்ஜ் உள்ளே இழுக்கும் சூட்டையெல்லாம் பின்பக்கமாக வெளியே விட, அது மேலேறி பாட்டில் அடியில் போய் நிற்கும். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி, இதை வைக்கத்தான் வேண்டுமா என்பது. ஒயின் எதுவானாலும் பழசாகப் பழசாக உயரும் என்பது பெரிய பொய். உலகத்தில் விற்கிற ஒயினில் பெரும்பகுதி வாங்கின ஓரிரு வருஷத்தில் குடிக்கவே செய்யப்பட்டது. கல்யாணப் பந்தியில் போடும் மாங்காய் ஊறுகாயும் மாவடுவும் ஒரே மரத்துக் காய்தான். பந்தி ஊறுகாயை ஒரு வருஷம் வைத்தால் என்ன ஆகும்? மாவடுவுக்கு நிற்கிற உடம்பு இருக்கிறது. ஒயினில் அந்த உடம்பைக் கொடுப்பவை துவர்ப்பு, புளிப்பு, சில வகைகளில் சர்க்கரை, சிலவற்றில் கூடுதல் ஆல்கஹால். திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருந்து வரும் துவர்ப்புச் சத்துக்கு டானின் என்று பெயர். வாழைப்பூ நரம்பைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அது. வருஷங்கள் போகப் போக இந்த டானின்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகி, நாக்கில் மெத்தென்று ஆகும். கொஞ்சம் வண்டலாக அடியில் தங்கும். புதுப் பழ வாசனை குறைந்து தோல், புகையிலை, காய்ந்த இலை போன்ற வாசனைகள் எழும்பும். இதற்காகத்தான் இத்தனை பாடு.

இந்தப் பாட்டைத் தாங்குவது பிரான்ஸின் நல்ல போர்டோ சிவப்புகள், இத்தாலியின் பரோலோ என்கிற சிவப்பு, ஜெர்மனியின் நல்ல ரீஸ்லிங் வெள்ளை, சோட்டெர்ன் என்கிற இனிப்பு வெள்ளை, ஆல்கஹால் கூட்டிய போர்ச்சுகலின் வின்டேஜ் போர்ட். நாசிக், நந்தி மலைப் பக்கம் செய்யும் நம்ம நாட்டு ஒயின்களில் ரிசர்வ் என்று போட்ட சில சிவப்புகள் நாலைந்து வருஷம் நிற்கும். மற்றவற்றை வாங்கின வருஷமே குடித்துவிடுங்கள். ரோஸே என்கிற இளஞ்சிவப்பு, சாதாரண வெள்ளை எதையும் பூட்டி வைக்காதீர்கள். எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை ரசம் வேறு ஜாதி. அதில் ஈஸ்ட் செத்திருக்காது. இறுக்கி மூடி மூலையில் வைத்தால் நுரைத்து பாட்டிலே வெடிக்கும். அதைப் பொங்கலுக்குள் முடித்துவிடுவதுதான் நல்லது.

அக்கா பையனின் ஆறில் நான்கு இப்படிக் கழிந்தன. மிச்சம் இரண்டு. அவற்றுக்குத்தான் கீழே வரும் கதை.

நாலு விஷயம் பார்க்கச் சொல்வார்கள்: சூடு, ஈரப்பதம், வெளிச்சம், அதிர்வு. ஐரோப்பாவில் எழுதுகிறவர்கள் நான்கையும் ஒரே தட்டில் வைப்பார்கள். அவர்கள் வீட்டுக்குக் கீழே நிலவறை இருக்கிறது. நம்ம ஊரில் சூடு ஒன்றே முக்கால்வாசி. அதைப் பிடித்துவிட்டால் மற்ற மூன்றும் சில்லறை.

பழைய நிலவறைகளில் வருஷம் பூரா 12, 13 டிகிரி இருக்கும். எங்கள் வீடு தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. மரச்சட்டத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை, தடித்த சுவர். சும்மா உட்கார்ந்தால் குளுகுளுவென்றுதான் இருக்கும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் நடு அறையில் தெர்மாமீட்டரை மாட்டிப் பார்த்தேன்: காலையில் 31, சாயங்காலம் 34. உடம்புக்குக் குளிர்ச்சியாகத் தெரிவது ஒயினுக்கு வெந்நீர். வேதியியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. சூடு 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 13க்கும் 33க்கும் நடுவே நான்கு மடங்கு. சரி, பத்து வருஷத்தில் ஆவது இரண்டரை வருஷத்தில் ஆகிவிடும், லாபம்தானே என்று அக்கா பையன் சிரித்தான். அங்கேதான் தப்பு. எல்லா வினையும் ஒரே மாதிரி வேகமெடுப்பதில்லை. பருப்பை மெல்லிய தீயில் வேகவிடுவதும் தீயைத் தூக்கிவிட்டு அடிப்பிடிக்க விடுவதும் ஒன்றா?

அதைவிட மோசம் ஏற்ற இறக்கம். ஒரு பாட்டில் 750 மில்லி. 13லிருந்து 35 டிகிரிக்குப் போனால் உள்ளே இருப்பது ஒரு டீஸ்பூன் அளவு விரியும். கழுத்தில் இருக்கும் காலி இடமே கொஞ்சம்தான். தக்கை தள்ளப்படும், ஓரமாகக் கசியும். ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஏ.சி. அறையில் வைத்தால் போதும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ராத்திரி எட்டு மணி நேரம் 24, பகலில் அணைத்ததும் 33. தினமும் மூச்சு வாங்க வைக்கிற வேலை அது. 18 டிகிரியில் அசையாமல் நிற்கிற பாட்டில், 13க்கும் 28க்கும் ஊஞ்சலாடுகிற பாட்டிலைவிட நல்லபடியாக இருக்கும்.

அப்படியானால் பெட்டி வேண்டும். கடையில் ஒயின் ஃபிரிட்ஜ் என்றே விற்கிறார்கள். வாங்குவதானால் இரண்டு விஷயம் பாருங்கள். சின்னதாக, சத்தமே இல்லாமல், விலை குறைவாக இருப்பவை பெரும்பாலும் கம்ப்ரஸர் இல்லாத தெர்மோஎலக்ட்ரிக் வகை. அதனால் வெளிச் சூட்டைவிடப் பத்துப் பதினைந்து டிகிரிதான் கீழே இறக்க முடியும். லண்டனில் 24 டிகிரி அறையில் அது ராஜா. ராயபுரத்தில் 36 டிகிரி அறையில் மூச்சைப் பிடித்து 22ல் நிற்கும். கம்ப்ரஸர் வைத்ததே வாங்குங்கள். இரண்டாவது, பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் கிளைமேட் கிளாஸ் என்று ஓரிரண்டு எழுத்து இருக்கும். என் (N) என்றால் 32 டிகிரி அறை வரைக்கும்தான் உத்தரவாதம், எஸ்டி (ST) என்றால் 38, டி (T) என்றால் 43. நமக்கு டி.

எனக்கு அந்த விலை கட்டவில்லை. நான் செய்தது வேறு. செகண்ட் ஹேண்டில் 180 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினேன். கதவோர ரப்பர் கேஸ்கெட்டைப் பார்த்துத்தான் வாங்கினேன். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் செத்துவிட்டது. வீட்டு ஃபிரிட்ஜை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அது 4 டிகிரிக்குப் போய்விடும். அங்கே ஒயின் கெடாது, ஆனால் முதிரவும் செய்யாது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையாக இருந்தால் உள்ளே காற்று காய்ந்து தக்கையும் வருஷக்கணக்கில் வறண்டுபோகும். அதனால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் ஒரு டிஜிட்டல் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வாங்கினேன். முட்டை அடைகாக்கும் பெட்டிக்கும் மீன் தொட்டிக்கும் போடுவார்களே, அதே சாமான். ஃபிரிட்ஜின் ப்ளக் அதில் போகும், அது சுவரில் போகும். உள்ளே ஃபிரிட்ஜின் சொந்த நாபை முழுக்கக் கூலில் வைத்துவிட்டு, எப்போது ஓடணும் எப்போது நிற்கணும் என்பதை வெளிக் கன்ட்ரோலர் முடிவு பண்ணும். வயரிங் தெரியாதென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், 10 நிமிஷ வேலை.

செட்டிங் 13. வித்தியாசம் 1 டிகிரி, அதாவது 14க்கு ஏறினால் ஓடும், 13க்கு இறங்கினால் நிற்கும். கம்ப்ரஸர் டிலே என்று ஒன்று இருக்கும். அதை 5 நிமிஷத்துக்குக் குறையாமல் வையுங்கள். நின்ற கம்ப்ரஸர் உடனே திரும்பக் கிளம்பினால் உள்ளே அழுத்தம் இறங்கியிருக்காது, திணறித் திணறிக் காயில் கருகும். சென்ஸாரை அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள். கதவைத் திறந்தால் காற்று உடனே சூடாகும், ஒயின் ஆகாது. காற்றின் பேச்சைக் கேட்டு கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்கும். 200 மில்லி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடியில் ஓட்டை போட்டு, சென்ஸாரை அதற்குள் இறக்கிவிட்டேன். பெரிய பாட்டில் வேண்டாம். அது குளிர ரொம்ப நேரம் எடுக்க, அதற்குள் ஃப்ரீசர் பக்கத்து ஒயின் உறைகிற அளவுக்குப் போகும். ஃப்ரீசருக்குள்ளும் அதை ஒட்டியும் எதையும் வைக்காதீர்கள். உள்விளக்கைக் கழற்றி எறிந்தேன்.

கண்ணாடித் தட்டுகளை எடுத்துவிட்டு, ரீப்பர் கட்டையில் தச்சர் செய்து கொடுத்த தட்டுகள் போட்டேன். 30 பாட்டில் படுக்கும். படுக்க வைப்பது தக்கைக்காக. ஒயின் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தால் காயாது, சுருங்காது. திருகு மூடி போட்டதை எப்படி வைத்தாலும் ஒன்றுதான், ஆனால் இடம் மிச்சமாகிறது என்று அதையும் படுக்க வைக்கிறேன். சிலர் வாரம் ஒருதரம் பாட்டிலை உருட்டிவிடுவார்கள். ஷாம்பெயின் செய்கிற இடத்தில் வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவர அப்படிச் செய்வார்கள், அதைப் பார்த்துவிட்டு வந்த பழக்கம். வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது.

ஈரப்பதம் 60, 70 சதவீதம் என்பார்கள். கடலிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிற எங்களுக்கு ஈரத்துக்குப் பஞ்சமா? இங்கே பிரச்சினை தலைகீழ். லேபிளில் பூஞ்சை பிடித்துக் கறுக்கும், பேரும் வருஷமும் படிக்க முடியாமல் போகும். சமையலறையில் சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை லேபிளைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றுங்கள், போதும். கவனிக்க வேண்டியது உப்புக் காற்றைத்தான். எங்கள் ஏரியாவில் ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று, ஃபிரிட்ஜ் பின்னாலிருக்கும் காயிலை விடுமா? மூன்று மாதத்துக்கு ஒருதரம் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுவேன். கால் நாலுக்கும் துரு தடுக்கும் பெயின்ட்.

அட்டைப் பெட்டியோடு உள்ளே வைக்காதீர்கள். ஈர அட்டை, பூஞ்சை, மரம், குளோரின் இவை கூடுகிற இடத்தில் டிசிஏ என்று ஒரு ரசாயனம் உண்டாகும். தக்கை வழியாக அது ஒயினுக்குள் போனால் நனைந்த கோணி வாசனை. அப்புறம் அந்த பாட்டிலுக்கு விமோசனம் கிடையாது. வெள்ளம் வடிந்ததும் தெருவெல்லாம் ப்ளீச்சிங் பவுடர் போடுவார்களே, அப்போது ஒயின் அறைக் கதவை மூடி வைப்பேன். கருவாட்டுப் பானையும் அந்த அறையில் கிடையாது. மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இந்தச் சட்டம் போட்டதற்கு வீட்டில் நான் வாங்கிய பேச்சு தனி.

வெளிச்சத்துக்கு ஒரு வரி போதும். பெட்டி மூடியிருந்தால் வெளிச்சம் இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட ஒயின் ஃபிரிட்ஜ் வாங்கினவர்கள் அதை ஜன்னலுக்கு எதிரே அழகுக்கு நிறுத்தாதீர்கள். வெள்ளைக் கண்ணாடி பாட்டில் வெயிலில் சில மணி நேரத்திலேயே முட்டைக்கோஸ் அவித்த நாற்றம் பிடிக்கும்.

அதிர்வைப் பற்றி முன்பெல்லாம் நானும் பயந்தேன். எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் 1856ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன், இன்னொரு பக்கம் ராப்பகலாகத் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி. டம்ளரில் தண்ணீர் வைத்தால் வளையம் தெரியும். ஆனால் கப்பலில் இன்ஜின் அதிர்விலேயே மாதக்கணக்கில் கிடந்த பாட்டில்களைத் திறந்து ஊற்றியிருக்கிறேன், முகம் சுளித்தவர் யாருமில்லை. பழைய ஒயினில் வண்டல் கலங்கும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் காலுக்கடியில் தேங்காய்நார் மிதியடியை மடித்துப் போட்டேன். கம்ப்ரஸர் உறுமலும் குறைந்தது.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சிக்கல். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை அடுப்பு. பரண் அதைவிட மோசம். தரைத்தளத்தில், வெளிச்சுவர் படாத நடு அறையே உத்தமம். ஆனால் தரைத்தளம் என்றால் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் முழங்காலளவு நின்றது, வீட்டுக்குள் கணுக்கால். அதற்கு முன்பே நான் ஃபிரிட்ஜை இரண்டு வரிசை ஹாலோ பிளாக் மேல் ஏற்றியிருந்ததால் தப்பியது. சுவர் ப்ளக்கையும் இடுப்புயரத்துக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீர் வரும்போல் இருந்தால் மெயினை அணைத்துவிட்டுக் கதவை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். திறந்து பார்க்கிற ஆசைதான் அப்போது பெரிய எதிரி.

கரன்ட் போனால் என்ன ஆகும்? நிறைந்த பெட்டி தாங்கும், காலிப் பெட்டி தாங்காது. 30 பாட்டில் இல்லாதவர்கள் மிச்ச இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். அதுவும் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். 2016 வர்தா புயலில் எங்களுக்கு நான்கு நாள் கரன்ட் இல்லை. டிசம்பர் என்பதால் அறையே 25, 26தான். நாலாம் நாள் சென்ஸார் பாட்டிலைப் பார்த்தேன், 21. மெல்ல ஏறி மெல்ல இறங்கினதால் எதுவும் கசியவில்லை. மே மாதத்தில் நான்கு நாள் போயிருந்தால் இதை இவ்வளவு நிதானமாக எழுதமாட்டேன். வோல்டேஜ் ஆடுகிற தெருவென்றால் ஸ்டெபிலைசர் கட்டாயம்.

வாங்குகிற இடத்திலிருந்து வீடு வரை ஒயின் வருகிற வழியையும் மறந்துவிடக் கூடாது. மதியம் வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து இரண்டு இடம் சுற்றிவிட்டு வந்தால், அப்புறம் பத்து வருஷம் 13 டிகிரியில் வைத்தும் புண்ணியமில்லை. நம்ம ஊரில் கடைக்குப் பேர் ஒயின் ஷாப். அங்கே போய் ஒயின் கேட்டால்தான் ஒருமாதிரி பார்ப்பார்கள். அப்படி அபூர்வமாக விற்கிற சரக்கு எத்தனை நாள் வெளிச்சத்தில் நின்றதோ! தக்கை தள்ளியிருக்கிறதா, கழுத்தில் மட்டம் இறங்கியிருக்கிறதா, தக்கையை மூடிய மேலுறை கையால் திருகினால் சுற்றுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கசிந்த பாட்டிலில் மேலுறை ஒட்டிக்கொண்டு சுற்றாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொன்னால் ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம், அதாவது இரண்டு பாட்டில். என் பெட்டி அப்படி இரண்டிரண்டாக நிறைந்ததுதான். வீட்டில் மொத்தமாக எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு நம்ம மாநிலத்தில் சட்டப்படி வரம்பு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டு, பில்லைத் தூக்கிப் போடாமல் வையுங்கள்.

பெட்டியே வேண்டாம், பரணில்தான் வைப்பேன் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கும் ஒரு ஒயின் இருக்கிறது: மதெய்ரா. கப்பல் மதெய்ராத் தீவின் ஃபுன்ஷால் துறைமுகத்தில் நின்றபோது இறங்கிப் போய்ப் பார்த்தேன். பீப்பாய்களைக் கூரைக்கடியில் பரணில் ஏற்றி, வெயில் சூட்டிலேயே வருஷக்கணக்கில் விடுகிறார்கள். அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பலில் வெப்பமண்டலம் கடந்து போய்வந்த பீப்பாய்கள் கெடுவதற்குப் பதில் ருசி ஏறி வந்ததைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட வித்தை. ஏற்கெனவே வெந்தது, காற்றும் பட்டது, அதனால் இனி அதைக் கெடுப்பது கஷ்டம். வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு அதைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்ததில் வியப்பில்லை. ஆல்கஹால் அதிகம் என்பதால் தக்கையை அரிக்கும். அதை மட்டும் நிற்க வையுங்கள். திறந்த பிறகும் மாதக்கணக்கில் தாங்கும். எங்கள் அம்மா பீரோவில் வைத்தது மதெய்ராவாக இருந்திருந்தால் நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டிருக்கவே மாட்டேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். பேர், வருஷம், வாங்கின தேதி, விலை, எந்தத் தட்டு, எப்போது திறக்கலாம். முடிந்தால் ஒரே ஒயினில் மூன்று வாங்கி, நாலாம் வருஷம் ஒன்றைத் திறந்து பாருங்கள். இன்னும் நாக்கைப் பிடித்தால் மிச்சத்துக்கு நேரம் இருக்கிறது. இளகிவிட்டிருந்தால் அடுத்ததை விருந்தாளிக்குத் தள்ளிவிடலாம்.

திறக்கிற நாளுக்கு முன்தினமே பாட்டிலை எடுத்து நிற்க வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். பழைய தக்கை மெதுவடை மாதிரி உதிரும். ஸ்குருவை முழுக்க இறக்கி, அவசரமில்லாமல், நேராக இழுங்கள். உடைந்து உள்ளே விழுந்தால் சுத்தமான பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள், சோப்பு வாசனை இல்லாத துணியாக இருக்கட்டும். அடியில் கடைசி இரண்டு விரல் அளவைக் கிளாஸில் ஊற்றாமல் விட்டுவிடுங்கள்.

அக்கா பையனின் இரண்டு பாட்டிலும் கீழ்த்தட்டில், 27, 28 என்ற நம்பரில் கிடக்கின்றன. தீபாவளிக்கு வந்தபோது, "மாமா, ஒண்ணே ஒண்ணு தொறந்து பாப்போமா" என்றான். நோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். 2033 என்று அவன் கையெழுத்திலேயே இருக்கிறது.